தொடர்கதையில் விட்டுப்போன வாரம்

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து சில மாதங்களில் என் இடது கண்ணைச் சோளத்தோகை கிழித்துவிட்டது. எண்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க அம்மாவோடு போயிருந்தேன். ஆளுயரத்துக்கு நின்ற சோளம். ஒரு கை தட்டை வளைத்துப் பிடித்து அரிவாளை வைக்கும்போது, பக்கத்துத் தட்டிலிருந்த தோகை நிமிர்ந்து கண்ணில் வீசிவிட்டுப் போனது. பெரிதாக வலிக்கவில்லை. தாவணி நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றிக்கொண்டு மீதித் தட்டையும் அறுத்துக் கட்டினேன்.

மறுநாள் கண் சிவந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டார். அந்தக் காலத்தில் கண்ணுக்கு எல்லோரும் செய்தது அதுதான், அன்போடுதான் செய்தார். அந்த வாரம் முடிவதற்குள் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே தலைக்குள் ஊசி இறங்குவதுபோல் ஆனது. அப்பா அரூருக்கு அழைத்துப் போனார். அங்கே பார்த்துவிட்டு உடனே தர்மபுரிக்குப் போகச் சொன்னார்கள். தர்மபுரியில் இருந்த கண் டாக்டரம்மா சின்ன விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் புண் என்றார். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. கண்ணுக்குமேல் பஞ்சு, அதற்குமேல் பச்சைத் துணி. வெயிலில் போகக் கூடாது, அடுப்புக்கு முன்னால் உட்காரக் கூடாது.

“நல்ல கண்ணுக்கும் வேல குடுக்கக் கூடாதும்மா. புண்ணு ஆற வரைக்கும் ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது” என்றார்.

“ஆறுனா பார்வ வந்துருங்களா?” என்று அப்பா கேட்டார்.

“ஆறட்டும், பாக்கலாம்” என்றார் அவர். பேருந்தில் திரும்பி வந்தோம். எனக்கு ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுக்காமல் அப்பாவே உட்கார்ந்து, வெயில் படாதபடி தோள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊர் அரூரிலிருந்து மொரப்பூர் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. வீட்டில் ராகி மூட்டையும் கடலைக்காய் மூட்டையும் அடுக்கியிருந்த உள்ளறைதான் இருட்டாக இருக்கும். ஜன்னலுக்கு ஒரு சாக்கைத் தொங்கவிட்டு அம்மா என்னை அங்கே படுக்கவைத்தார். அடுத்த இரண்டு மூன்று மாதம் எனக்கு அந்த மூட்டைகளின் வாசனைதான் உலகம். பல்லி சத்தம் போடுவது, கோழி மூட்டைமேல் ஏறுவது, மருந்துப் புட்டியை அம்மா எடுக்கிற சத்தம். முதலில் வலியில் நேரம் போனது. வலி குறைந்த பிறகு நேரம் போகவே இல்லை.

அப்போதுதான் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

ஒருத்தி எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். கிறிஸ்தவக் குடும்பம். அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், அதில் மரவள்ளிக் கிழங்கும் ராகியும் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேத வாசகம் வாசிக்கிறவள் அவள்தான். தெளிவான, அவசரமில்லாத குரல். நாங்கள் அவளைக் கேலியாக வாசகக்காரி என்று கூப்பிடுவோம். இன்னொருத்தி அரூர்க்காரி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய அப்பாவுக்குத் தையல்கடை. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. பேச்சில் யாரையும் விட மாட்டாள். தையல்கடைக்காரி என்றே அவளை இங்கே சொல்கிறேன். அரூர்ப் பள்ளியில் மூன்று பேரும் ஒரே பெஞ்சு.

வாசகக்காரி பள்ளி விட்டுப் போகிற பேருந்திலேயே எங்கள் ஊர் முனையில் இறங்கி, கதவிடுக்கு வெளிச்சத்தில் எனக்கு அன்றைய பாடத்தைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த பேருந்தில் போவாள். அந்தப் பேருந்து தவறினால் நடந்துதான் போக வேண்டும். பல நாள் நடந்துதான் போனாள். தையல்கடைக்காரி சனி, ஞாயிறில் வருவாள். முதல் சனிக்கிழமை வந்தவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

“இந்தக் குகையில படுத்துக்கினு வரலாறு கேட்டியா? உனக்குக் கண்ணு போறதுக்கு முன்னாடி உசுரு போயிரும்டி. நான் ஒண்ணு கொண்டாந்திருக்கறன்.”

அது ஒரு தொடர்கதை. அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு முன்னால், வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கடையிலிருந்த தடித்த நீல நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தது. பக்கங்களின் பின்புறத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கு, கால்வாசி சமையல் குறிப்பு, தலைவலித் தைலத்தின் விளம்பரம் எல்லாம் இருக்கும். தையல்கடைக்காரி கதையோடு சேர்த்து அதையும் படித்துவிடுவாள். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது திடீரென்று வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கச் சொல்லும்.

கதை இதுதான். மேகங்களுக்கு மேலே ஒரு நாடு. அங்கே இருக்கிற யாருக்கும் நிழல் கிடையாது. அந்த நாட்டு இளவரசன் ஒருவன் மழையோடு மழையாகத் தவறிக் கீழே விழுந்துவிடுகிறான். கீழே ஒரு கோட்டை. அதில் விளக்கேற்றுகிறவரின் மகள் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அவளுக்கு எங்கள் வயதுதான். நிழல் இல்லாதவன் பூமியில் தங்கினால் கோடை வருவதற்குள் ஆவியாகிப் போய்விடுவான். திரும்பிப் போகவும் வழி இருக்கிறது; ஆனால் போனால் கீழே நடந்தது எதுவும் அவனுக்கு நினைவிருக்காது. அவன் இங்கேயே இருக்க ஒரே வழி, யாராவது தன் நிழலில் பாதியை வெட்டிக் கொடுப்பது. கொடுத்தவருக்கு ஆயுளும் பாதியாகிவிடும்; மீதிப் பாதி அவனுக்கு.

அதுவரை பாடப் புத்தகம் தவிர நான் எதையும் விரும்பிப் படித்ததில்லை. எங்கள் வீட்டில் பத்திரிகை வாங்குகிற வழக்கமும் இல்லை. இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டபோது அந்த மேக நாடு என் தலைக்குமேல் ஓட்டுக்கு வெளியே இருக்கிற மாதிரியே இருந்தது.

சனி, ஞாயிறில் தையல்கடைக்காரி படிப்பாள். மற்ற நாட்களில் பாடம் முடிந்ததும் வாசகக்காரி ஒரு அத்தியாயம் படிப்பாள். இரண்டு பேரும் படித்த விதத்தில்தான் கூத்து. வாசகக்காரிக்கு அந்தப் புத்தகமும் வேத புத்தகமும் ஒரே குரல். நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் உச்சரிப்பாள். ஒரு நாள் அத்தியாயம் முடிந்ததும், கோயிலில் வாசகம் முடிந்து சொல்கிற வார்த்தையைப் பழக்கத்தில் சொல்லப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் காதல் வந்துவிட்டால் மட்டும் அவளுக்குக் குரல் தாண்டிக் குதித்துவிடும்.

“அவன் அவளருகே வந்து அமர்ந்தான். அவள் தலை குனிந்தாள். அவன் மெல்ல அவள்...” என்று நிறுத்துவாள். பக்கம் புரளும். “பொழுது விடிந்தது. சேவல் கூவியது.”

கதவுக்கு அப்பால் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வரும். “ஏங் கண்ணு, இப்பத்தான சாயங்காலம்னு படிச்ச? அதுக்குள்ள எப்புடி விடியும்?”

“அந்தூர்ல அப்புடிதாங்கம்மா” என்பாள் வாசகக்காரி. இருட்டிலும் அவள் முகம் சிவந்தது எனக்குத் தெரியும்.

அம்மா கதை கேட்கிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். வேலை வேலை என்று ஓடிக்கொண்டே இருப்பார். கதை ஆரம்பிக்கிற நேரத்துக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கதவோரம் வந்துவிடுவார் என்பதைப் பிறகு கவனித்தேன். வேலை இல்லாத நாளில் உரித்த கடலையையே மறுபடி புடைத்துக்கொண்டிருப்பார்.

வாசகக்காரி தாண்டிய பக்கங்களை சனிக்கிழமை தையல்கடைக்காரி திரும்பப் படிப்பாள், அம்மா எருமைக்குத் தண்ணி காட்டப் போகிற நேரம் பார்த்து, என் காதருகே. ஆனால் அவளிடம் வேறு கோளாறு. வர்ணனை வந்தால் அவளுக்குப் பொறுக்காது.

“நெலா, நெலா, நெலா. நாலு பக்கம் நெலாவே போட்டிருக்கறான். வேணாம். நேரா கோட்டைக்குப் போலாம்.”

நிலாவை விட்டுவிடுவாளே தவிர உடுப்பை விட மாட்டாள். கதாநாயகி வரும்போதெல்லாம் என்ன நிறப் பாவாடை, ஜாக்கெட்டுக்குப் பஃப் கை வைத்ததா, கழுத்து எவ்வளவு இறக்கம் என்று விரிவாகப் படிப்பாள். அதெல்லாம் புத்தகத்தில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நானே படித்தபோது ஒரு பஃப் கையும் அதில் இல்லை. எல்லாம் தையல்கடைச் சரக்கு.

இப்படி ஒருத்தி விட்டதை இன்னொருத்தி நிரப்ப, எனக்கு அந்தக் கதை முழுசாகக் கிடைக்க ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. இரண்டு முறை கேட்டதில் பக்கம் பக்கமாக மனப்பாடமும் ஆகிவிட்டது.

கதை முக்கால்வாசி வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வாசகக்காரியும் வந்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்திருந்த நாள். ஒரு சூனியக்காரியிடமிருந்து நிழலை வெட்டுகிற கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு, இடிந்த மண்டபத்துக்குள் கதாநாயகி நுழைகிறாள். இளவரசன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அடுத்த வாரம் தொடரும் என்று முடிகிறது. தையல்கடைக்காரி பக்கத்தைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தாள். “காலை வெயிலில் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னே இரண்டு மெலிந்த நிழல்கள் நீண்டு...”

“நில்லு, நில்லு” என்றாள் வாசகக்காரி. “எங்க வெட்டுனா? எப்ப வெட்டுனா?”

முன்னும் பின்னும் புரட்டினார்கள். நடுவில் ஒரு வாரம் இல்லை. கிழிந்து போகவில்லை, அக்கா தைக்கும்போதே அந்த வாரம் இல்லாமல் தைத்திருக்கிறார். கதையிலேயே முக்கியமான வாரம்.

“போச்சி” என்றாள் தையல்கடைக்காரி.

பிறகு வாசகக்காரி, தனக்கு நேரில் தெரிந்தது போலச் சொன்னாள். “அவன் தூங்கனதுக்கப்பறம் வெட்டியிருப்பா. அவங்கிட்ட சொல்லியே இருக்க மாட்டா. எழுந்து பாத்தா அவனுக்கு நெழலு இருக்கும். அப்பத்தான் அவனுக்குத் தெரியும்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“முதுக காட்டிக்கினு நின்னான்னு போட்டிருக்குது. நிக்கறவன் எப்புடிடித் தூங்குவான்? குதுரையா அவன்?” என்றாள் தையல்கடைக்காரி. “ரெண்டு பேருக்கும் சண்ட வந்திருக்கும். வேணாம் வேணாம்னு இவன் கத்தியிருப்பான். இவ கேக்காம வெட்டியிருப்பா. அதுவும் நெழல குறுக்கால வெட்ட முடியாது. குறுக்கால வெட்டுனா ஒருத்தருக்குத் தல, ஒருத்தருக்குக் காலு. நெடுக்கத்தான் வெட்டியிருப்பா. அதான் ரெண்டும் மெலிசா இருக்குது.”

அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அவள் அதோடு விடவில்லை. “எனக்குப் புடிக்கவே இல்லடி இவள. பாதி ஆயுசு! அவன் அவனூருக்குப் போயிட்டா ரெண்டு பேருக்கும் முழு ஆயுசு. நெனப்பு இருக்காதாம். இல்லாட்டிப் போவுது. நெனப்பில்லாம எத்தன பேரு நல்லா இருக்கறாங்க.”

“உனக்கு அன்புன்னா இன்னான்னே தெரியாது” என்றாள் வாசகக்காரி.

“உனக்கு மட்டும் தெரியுமா? முத்தம் வந்தா சேவல கூவ வெக்கிறவளுக்கு?”

நான் சிரித்தேன். சிரித்ததில் கண் வலித்தது. கதவோரத்திலிருந்து அம்மா பேசினார்.

“அவன்தான் கேட்டிருப்பான்.”

“அய்ய, அவன் நல்லவங்கம்மா. கேக்கவே மாட்டான்” என்றாள் வாசகக்காரி.

“நேரா எவன் கேப்பான்? எனக்கு ஒண்ணும் வேணாம், நீ வூட்டுக்குப் போன்னு சொல்லுவான். மூஞ்சத் திருப்பிக்கினு நிப்பான். முதுக காட்டிக்கினு நின்னான்னு போட்டிருக்குதில்ல? அதான் கேக்கறது.” முறத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, “அது தெரிஞ்சிதான் அவளும் குடுத்திருப்பா” என்றார்.

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலும் ஒரு வயது இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

“நீ இன்னாடி சொல்ற?” என்று தையல்கடைக்காரி என்னைக் கேட்டாள்.

எனக்கு வேறு யோசனை. “வெட்டும்போது அவளுக்கு வலிச்சிருக்குமா?” என்றேன்.

“நெழலுக்கு எங்கடி வலிக்கும்?”

“தோக பட்டப்பகூட எனக்கு வலிக்கலடி. மறுநாள்தான் வலிச்சிது.”

சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று வாசகக்காரி எழுந்து, பச்சைத் துணியை விலக்கி, மருந்து விட்டு, வழிந்ததைத் துடைத்தாள். அவள் விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தையல்கடைக்காரி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புண் பார்த்தால் மயக்கம் வரும். மயக்கம் வரும் என்று தெரிந்தும் வாராவாரம் வந்தாள் என்பதை நான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் பெரியப்பா வந்தார். அப்பாவுடைய அண்ணன். என் கண் விஷயம் கேள்விப்பட்டு வந்தவர், வந்ததிலிருந்து வாசலில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் சத்தம் அடங்கியதும் அவர் பேச்சு உள்ளே கேட்டது.

“கண்ணுல பூ வுழுந்த புள்ளைய இனிமே படிக்க வெச்சி இன்னா பண்ணப் போற? படிச்சா இருக்கற கண்ணும் கெட்டுப்போவும். வூட்டோட இருக்கட்டும். நமக்குள்ளயே ஒரு எடம் பாத்து, ஊரு கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி முடிச்சிரு.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர்தான். வாசகக்காரி என் கையைப் பிடித்தாள்.

அம்மா காப்பி எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா, “இன்னாம்மா உள்ள ஒரே சத்தம்? புள்ளைங்களுக்குள்ள சண்டயா?” என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்வதற்குள் தையல்கடைக்காரி எழுந்து வெளியே போய்விட்டாள். “சண்ட இல்லீங்க. ஒரு கதைங்க. நடுவுல ஒரு வாரம் காணோம்ங்க. நீங்களே சொல்லுங்க” என்று நின்றபடியே முழுக் கதையையும் சொன்னாள். மேக நாடு, நிழல், பாதி ஆயுசு, கத்திரிக்கோல் எல்லாம். எனக்குப் பயமாக இருந்தது. பெரியப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். நடுவில், “அந்தப் பொண்ணுக்கு அப்பங்காரன் இல்லையா?” என்றார். “விளக்கேத்தறவருங்க.” “அவங்கிட்ட கேட்டாளா?” “இல்லீங்க.” “அப்ப அது தப்பு.” காப்பியைக் குடித்து முடித்து, கொஞ்சம் யோசித்து, “எதுக்கு நெழல வெட்டிக்கினு? அந்தப் பையன ஒரு கொட வாங்கிக்கினு புளியமரத்து அடியில இருக்கச் சொன்னா ஆவாதா? ஆவியா எப்புடிப் போவான்?” என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். கண்ணில் அடிபட்ட நாளிலிருந்து அப்பா சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே வாசகக்காரியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா பேசினார். “மாமா, இந்தக் கதைய இந்தப் புள்ளைங்க படிக்கப் படிக்க அவ காதால கேட்டதுதான். ஒரு பக்கம் அவ கண்ணால பாக்கல. எங்க ஆரம்பிச்சிக் கேட்டாலும் அப்புடியே ஒப்பிக்கிறா. பாடத்தயும் அதே மாரிதான் சொல்றா, நான் கேட்டுக்கினுதான் இருக்கறன். இருக்கற கண்ணு கெடாம, காதால படிக்கட்டும். பரீட்ச எழுதற அன்னிக்கி மட்டும் கண்ணத் தொறந்தாப் போதும்.”

பெரியப்பா என்னைக் கூப்பிட்டுப் பரீட்சை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “உங்க புள்ள, உங்க இஷ்டம். நான் மனசுல பட்டதச் சொன்னன்” என்றார். கிளம்பும்போது அறை வாசலில் நின்று, “பாப்பா, மருந்த நேரத்துக்கு வுட்டுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகு அப்பா அம்மாவிடம் ஒரே வரி சொன்னார்: “டாக்டரம்மா சரின்னா அனுப்பலாம்.”

அதற்குப் பிறகு வாசகக்காரி பாடத்தைப் படித்த விதமே மாறிவிட்டது. விலங்கியலையும் அதே கோயில் குரலில், அவசரமில்லாமல், ஒவ்வொரு பெயராக நிறுத்திப் படித்தாள். புரியாத இடத்தில் அடுத்த நாள் டீச்சரிடம் கேட்டு வந்து சொன்னாள். படம் வரைகிற பாடம் வந்தால் என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டுவாள். தவளையின் இதயத்தை நான் கற்றது அப்படித்தான். கதையின் கடைசி அத்தியாயங்களையும் அந்த நாட்களில் முடித்தோம். இருவரும் பாதி ஆயுளோடு கோட்டையிலேயே வாழ்ந்தார்கள் என்று முடிந்தது. தையல்கடைக்காரிக்கு அதுவும் பிடிக்கவில்லை. “அவ செத்தா கூடவே அவனும் சாவான்தான, பாதி பாதிதான, அதனால வுட்டுட்டன்” என்று மட்டும் இறங்கி வந்தாள்.

மார்கழியில் புண் ஆறியது. டாக்டரம்மா துணியை எடுத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னார். வலது கண் நன்றாக இருந்தது. இடது கண்ணில் ஜன்னல் இருப்பது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே இருப்பது தெரியவில்லை. ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. “இது இப்படியேதாம்மா இருக்கும். ஆனா கண்ணு தப்பிச்சிருச்சி. சொட்டு மருந்த ஒழுங்கா வுட்டிருக்காங்க” என்றார். அம்மா அங்கேயே அழுதார். பள்ளிக்குப் போகலாமா என்று அப்பா கேட்டதற்கு, “ஏன் போகக் கூடாது?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பொங்கலுக்குத் தையல்கடைக்காரியின் அக்கா புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் கடைக்குப் போய் அவரை வளைத்துக்கொண்டோம். அந்த வாரத்தில் என்ன நடந்தது, அவன் கேட்டானா, அவளே கொடுத்தாளா?

அக்கா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சிரித்தார். “அந்த வாரமா? எனக்கும் தெரியாது. அந்த வாரந்தான் என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. வூடு மெழுகுறது, பலகாரம் சுடறதுன்னு புத்தகம் வாங்க மறந்துட்டன். அப்பறம் போனா கடையில தீந்துபோச்சி.”

“தேடிப் பாக்கலையாக்கா?” என்றாள் வாசகக்காரி.

“அப்பறம் எனக்கு அது தோணவே இல்ல” என்றார். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, “ஆனா ஒண்ணுடி. ஒருத்தரு கேக்கறது, ஒருத்தரு குடுக்கறதுன்னு தனித்தனியா இருக்காது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச வாயெடுத்திருப்பாங்க” என்றார். தையல்கடைக்காரி அதற்கு எதிர்த்து ஒன்றும் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு அக்கா அந்தப் புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா அனுமதித்த அளவு, ஒரு நாளைக்குச் சில பக்கமாக, வலது கண்ணால் படித்தேன். நல்ல கதைதான். ஆனால் யாரும் மூக்கை உறிஞ்சாமல், சண்டை போடாமல், பக்கத்தைத் தாண்டாமல் அது வெறும் அச்சாக ஓடியது. அச்சில் இருந்ததைவிட நான் கேட்டதுதான் நீளம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தையல்கடைக்காரி எனக்காகவே பேருந்து நிலையத்தில் காத்திருந்து என் இடது பக்கம் வந்து ஒட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் சைக்கிளோ மாட்டுவண்டியோ வந்தால் எனக்குத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வகுப்பிலும் இருவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்: பெஞ்சில் என்னை இடது ஓரத்தில், சுவரோரமாக உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை, கரும்பலகை முழுக்க வலது கண்ணுக்கு வரும் என்று வாசகக்காரி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஆண்டுப் பரீட்சையை எழுதினேன். பெரிய மதிப்பெண் இல்லை, பாஸ். விலங்கியலில் மட்டும் நல்ல மதிப்பெண். அடுத்த வருடம் மூன்று பேரும் ஒன்றாகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோம். வாசகக்காரி நர்ஸ் படிக்கப் பெங்களூர் போனாள். எனக்கு அது ஆச்சரியமே இல்லை. அவள் விரல் எனக்குத் தெரியும். தையல்கடைக்காரி ஓசூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். மாப்பிள்ளையை முதலில் வேண்டாம் என்று சொல்லி, அவரிடம் நேரில் ரெண்டு கேள்வி கேட்ட பிறகுதான் சரி என்றாள் என்று ஊரே பேசியது. என்ன கேள்வி என்று எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. என் இடது கண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டவருக்கு எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

அந்தப் பேருந்தைத் தவறவிட்டு, புத்தகப் பையோடு இரண்டு ஊருக்கு நடுவே மண் சாலையில் வாசகக்காரி நடந்துபோனதை நான் பார்த்ததில்லை. அந்த நேரம் நான் உள்ளறையில் படுத்திருந்தேன். மழை பெய்த நாளிலும் போயிருக்கிறாள் என்று பின்னால் அம்மா சொல்லித்தான் தெரியும். அவளிடம் ஒரு தடவை இதற்கு நன்றி சொல்லப் போனேன். “அந்தப் பஸ்ஸு எப்பவும் கூட்டம்டி, நடந்தாதான் காத்து வரும்” என்று சொல்லிவிட்டு, என் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் அவள் பேசவிடவில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.